முதல் வரியில் பெரியவர் பெயர்

வியாழக்கிழமை காலை, பெரியநாயக்கன்பாளையம் பம்ப் யூனிட்டின் கம்ப்யூட்டர் அறையில் நான் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பீளமேடு மில்லிலிருந்து போன் வந்தது. பர்சனல் ஆபீசர் பேசினார். வேலுச்சாமி சார் காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார் என்றார். மாரடைப்பு. ஐம்பத்தேழு வயது. மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், யூனிட்டிலிருந்து வேன் வருகிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கழற்றிய இரண்டு திருகாணிகளை டப்பாவில் போட்டேன். பிறகு மூன்றாவதைக் கழற்றத் தொடங்கினேன். எனக்குத் துக்கம் வரவில்லை. வந்தது போல நடிக்கவும் தெரியவில்லை.

வேனில் போனேன். மூன்று முதலாளிகளும் மாலை அனுப்பியிருந்தார்கள். சின்னவரின் மாலையும் நடுவுள்ளவரின் மாலையும் இரண்டரை மணிக்கே வந்துவிட்டன. பெரியவரின் மாலை வரவில்லை. பெரியவர் மாலை விழாமல் மற்ற மாலைகளை எப்படிப் போடுவது என்று இரண்டையும் வாசலில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பங்குனி வெயில். முக்கால் மணி நேரம் பிணமும் காத்திருந்தது, நாங்களும் காத்திருந்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. வேலுச்சாமி சார் எழுந்து வந்து பார்த்திருந்தால் மிகவும் திருப்திப்பட்டிருப்பார்.

அடுத்த வாரம் அதே பர்சனல் ஆபீசர், நம் குழும இதழுக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். ஆறு வருடம் அவருக்குக் கீழே இருந்தவன் நான்தான். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுத்துருங்க, போட்டோ நாங்க போட்டுக்கறோம்" என்றார். எழுதிவிட்டேன். நாலு வார்த்தைக்கு மேலே போய்விட்டது. இதழில் இது வராது என்று தெரியும். அதனால் நானே ஜெராக்ஸ் எடுத்து, அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறேன்.

இதில் கலாமணி என்ற பெயர் வரும். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் யூனிட்டில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த பெண். இரண்டு வருடத்துக்கு முன்னால், பழைய வரைபடத்தை மெஷின் ஷாப்புக்குக் கொடுத்து பம்ப்பின் இரும்புக் கூடான கேசிங் நானூறைப் பாழாக்கினார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். கேன்டீனில் ஒரு மாதம் அதைத்தான் பேசினோம். அந்தத் தவறு அவர் செய்தது அல்ல. வேலுச்சாமி சாருக்கு அஞ்சலி எழுத எனக்கு வேறு காரணம் கிடையாது.

அவரை எனக்கு முதல் வாரத்திலேயே பிடிக்காமல் போனது. பிரிண்டர் கேபிள் ஒன்றை நான் இடம் மாற்றிப் போட்டதில் ஒரு மணி நேரம் பிரிண்டர் ஓடவில்லை. ஆபீசில் இருந்த ஆறு பேரையும் அழைத்து வட்டமாக நிற்க வைத்தார். கேபிளைக் கையில் தூக்கிக்காட்டி, "தம்பி, இதுக்குப் பேரு கேபிளுங்க. எங்க, ஒருக்காச் சொல்லுங்க" என்றார். நான் இன்ஜினியரிங் படித்தவன். கேபிள் என்று சொன்னேன். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். இன்னொரு முறையும் சொன்னேன். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவர் யாரையும் வாய் தவறிக்கூட நீ என்று கூப்பிட்டதில்லை. அதை இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் மெச்சிப் பேசினார்கள். மரியாதைக்கு அவர் குறை வைத்ததில்லை என்பது உண்மைதான். அடிக்கிற அடிக்கெல்லாம் பின்னால் ஒரு 'ங்க' சேர்த்துவிடுவார். "உங்க தலைக்குள்ள இருக்கறத எடுத்து வெளிய வெச்சீங்கன்னாக் காக்காகூடக் கொத்தாதுங்க" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் கல்யாணத்துக்கு அழைக்கிற குரலாக இருந்தது. வெளியே நின்றவர்களுக்கு அவர் என்னை நலம் விசாரிப்பது போலத்தான் கேட்டிருக்கும். கத்துகிறவரைத் திருப்பிக் கத்தலாம், கணக்குத் தீர்ந்துவிடும். இந்த மனிதரிடம் அதற்கும் வழி இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நம் குழுமம் அண்ணன் தம்பி மூவருடையது. பீளமேடு மில் பெரியவருடையது. சூலூர் நூற்பாலை நடுவுள்ளவருடையது. பெரியநாயக்கன்பாளையம் பம்ப் யூனிட் சின்னவருடையது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் மேனேஜர், அவர்தான் வேலுச்சாமி சார். ஆனால் அவரை அந்தக் குடும்பம் நம்பி ஒப்படைத்த பெரிய வேலை கம்ப்யூட்டர் அல்ல. அவர்கள் வீட்டு விசேஷப் பத்திரிகைகளில் பெயர் வரிசை சரிபார்ப்பதுதான்.

பெரியவர் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்த சமயம், அச்சாபீசிலிருந்து பத்திரிகையின் புரூப் வந்தது. அன்று மில்லில் சர்வர் படுத்துவிட்டது. ஸ்டோர்ஸ் ஆட்கள் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். இவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு பத்திரிகையைப் பார்க்கிறார். சின்னவரின் மைத்துனர் பெயர், நடுவுள்ளவரின் மைத்துனர் பெயருக்கு மேலே வந்துவிட்டதாம். அச்சாபீசுக்குப் போன் போட்டு, மறுபடி எழுத்து கோக்கச் சொல்லி, திருத்திய புரூப் வந்து, அதையும் படித்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சர்வர் அறைக்குள் வந்தார். நான் தாமதத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். "கம்ப்யூட்டரு நாளைக்கும் ஓடும் தம்பி, பேரு மாறிப்போச்சுன்னாக் காலத்துக்கும் பேச்சுங்க" என்றார்.

நல்லது ஒன்றாவது சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்கிறேன். கேபிள் பதிப்பதில் அவருக்குக் கை நேர்த்தி உண்டு. மூன்று யூனிட்டிலும் எந்தச் சுவருக்குள் எந்தக் கேபிள் போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். காய்ச்சலோடும் வேலைக்கு வருவார். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

இனி நடந்ததற்கு வருகிறேன். தொலைபேசித் துறையிடம் பல மாதம் நடையாய் நடந்து மூன்று யூனிட்டையும் இணைக்கும் லைன் கிடைத்தது. அதுவரை ஒவ்வொரு யூனிட்டும் தனித்தனி. ஒரே புரோகிராம்களை நகலெடுத்து மூன்று இடத்திலும் போட்டிருந்ததால், கம்ப்யூட்டர்களுக்கும் மூன்று இடத்திலும் ஒரே பெயர்கள்தான். வரைபடங்கள் இருக்கும் சர்வருக்கு டிராயிங் என்று பெயர். பீளமேட்டிலும் ஒரு டிராயிங், நம்மிடமும் ஒரு டிராயிங். இணைத்த பிறகு எது எது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யூனிட்டின் பெயரைச் சேர்த்தோம். அந்தப் பின்பகுதியை நாங்கள் வால் என்போம்.

மெஷின் ஷாப்பில் இருப்பவர் வாலையெல்லாம் அடிக்க மாட்டார். வரைபட எண்ணைத்தான் அடிப்பார். புரோகிராம் 'டிராயிங்' என்று மொட்டையாகக் கேட்கும். அப்போது அந்தக் கம்ப்யூட்டர், தன்னிடம் எழுதி வைத்திருக்கும் வால்களின் பட்டியலை எடுத்து, முதல் வாலை ஒட்டிப் பார்க்கும். அந்தப் பெயரில் ஒரு சர்வர் இருக்கிறது என்று பதில் வந்தால் நேரே அங்கே போய்விடும். இல்லை என்றால்தான் இரண்டாவது வாலைத் தொடும். சரியான இடத்துக்குத்தான் வந்தோமா, கேட்ட வரைபடம் அங்கே இருக்கிறதா என்று அது யோசிக்காது. ஆகவே ஒவ்வொரு யூனிட்டிலும் அந்த யூனிட்டின் வால்தான் முதலில் இருக்க வேண்டும். இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை, கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

வேலுச்சாமி சார் ஒரு தாளில் பட்டியலை எழுதிக் கொடுத்தார். முதலில் பீளமேடு, அடுத்தது சூலூர், கடைசியில் பெரியநாயக்கன்பாளையம். மூன்று யூனிட்டுக்கும் இதே பட்டியல். நான் நம் யூனிட்டுக்கு நம் வால் முதலில் வர வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவரு பேருக்கு மேல சின்னவரு பேர எழுதச் சொல்றீங்களா தம்பி?"

"பேரு இல்லீங்க சார், இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறதுங்க. யாரும் பாக்கப் போறதில்லீங்க."

"கம்ப்யூட்டருக்கு மரியாத தெரியாதுங்க. நாமதான் சொல்லித் தரோணும்."

அதோடு பேச்சு முடிந்தது. இதை எல்லா இயந்திரத்துக்கும் ஒரே இடத்திலிருந்து செய்ய அப்போது நம்மிடம் வழி கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார்ந்து, நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, மூன்று வால்களையும் அவர் சொன்ன வரிசையில் அடித்து, அணைத்து மறுபடி போட வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக உட்கார்ந்து நாற்பத்தி இரண்டு கம்ப்யூட்டரில் அடித்தேன். நாற்பத்தி மூன்றாவதைத் தொடவில்லை. அது கலாமணியின் வரைபடக் கம்ப்யூட்டர். விற்ற கம்பெனிக்காரர்கள் தவிர யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. அவர்கள் வந்து அதில் நம் யூனிட்டின் வாலை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆகவே கலாமணி வரைந்து அனுப்பியது நம் யூனிட்டின் டிராயிங் சர்வருக்குப் போனது. மெஷின் ஷாப் கேட்டதோ பீளமேட்டு டிராயிங் சர்வரிடம். பீளமேட்டு சர்வரில் நம் பம்ப் வரைபடங்கள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். பம்ப் யூனிட் தனியாகப் பிரிவதற்கு முன்னால் மில் ஒர்க்‌ஷாப்பில்தான் நடந்தது. அந்தக் காலத்து வரைபடங்கள் எல்லாம் அழிக்கப்படாமல் அங்கேயே கிடந்தன.

நான்காவது நாளே மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு புது வரைபடம் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் காரணம் தெரிந்தது. புது வரைபடம் என்பதால் பீளமேட்டில் அது இல்லை, இல்லை என்று வந்துவிட்டது. பழைய எண்ணில் திருத்திய வரைபடமாக இருந்திருந்தால் பழையது வந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. இதை அப்படியே வேலுச்சாமி சாரிடம் போனில் சொன்னேன். கிடைக்காத அந்த ஒரு வரைபடத்தைப் பீளமேட்டுக்கு நகலெடுத்துப் போடச் சொன்னார். பட்டியலை மாற்றட்டுமா என்று கேட்டேன். "தொட்டீங்கன்னா நாளைக்கு வேலைக்கு வரவேண்டீதில்லீங்க" என்றார். நான் அந்த ஒரு வரைபடத்தை நகலெடுத்தேன். மெஷின் ஷாப்பில் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம், சொல்லவில்லை.

அடுத்த வாரம் வடக்கே போக வேண்டிய ஆர்டர் ஒன்றுக்கு கேசிங் வெட்டினார்கள். தண்டு உட்காரும் துளையின் விட்டத்தைக் குறைத்து கலாமணி வரைபடத்தைத் திருத்தியிருந்தார். எண் பழைய எண்தான். மெஷின் ஷாப் கேட்டது, பீளமேடு பழையதைக் கொடுத்தது, அச்செடுத்து மெஷினில் மாட்டினார்கள். நானூறு கேசிங்கிலும் துளை பெரிதாக விழுந்தது. துளை சின்னதாக விழுந்திருந்தால் மறுபடி குடைந்து சரிசெய்யலாம். பெரிதாக விழுந்தால் எடுத்த இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. எல்லாவற்றையும் உடைத்து உலைக்கு அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை அது தெரிந்தது. பழைய வரைபடம் எப்படி வந்தது என்று திங்கட்கிழமை சின்னவர் தன் அறையில் விசாரிப்பதாக முடிவாயிற்று. சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆபீஸ் காலியான பிறகு வேலுச்சாமி சார் பீளமேட்டிலிருந்து காரில் வந்து இறங்கினார். அவருக்கும் காரணம் தெரியும். நான்தான் பத்து நாளுக்கு முன்னாலேயே சொல்லியிருந்தேனே. கையில் புதிதாக எழுதிய தாள் இருந்தது. நம் யூனிட்டில் மட்டும் நம் வாலை முதலில் போட்டுவிடச் சொன்னார். நான் பத்து நாளுக்கு முன்னால் சொன்ன அதே வரிசை.

திங்கட்கிழமை சின்னவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு மாற்றலாமே என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க தம்பி? பெரியவரு பேர மொதல்ல போட்டதால சின்னவரு யூனிட்டு கெட்டுப்போச்சுன்னா? உள்ள பாகம் பிரிக்கற பேச்சு ஓடிட்டு இருக்குதுங்க. அதை எந்த வாயில சொல்லுவீங்க?"

"அப்ப கலாமணிங்க சார்?"

"அந்தப் புள்ளைக்கு என்னங்க. நாளைக்குக் கண்ணாலம் பண்ணிக் குடுத்துட்டா வேலைக்கா வரப் போவுது?"

நான் அசையாமல் நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதமும் தன் மேசையில்தான் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். நான்கு வருடமாக அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டவர் அவர். நான் போய் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலத்துக்குள்ளும் ஞாயிறு முழுக்கவும் நாற்பத்தி இரண்டையும் மாற்றினேன். மெஷின் ஷாப்பில் இருக்கும் கம்ப்யூட்டரை முதலில் மாற்றச் சொன்னார். மாற்றி, டிராயிங் சரியாக வருகிறதா என்று என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

திங்கட்கிழமை அந்த அறையில் சின்னவர், புரொடக்‌ஷன் மேனேஜர், வேலுச்சாமி சார், நான், கலாமணி. கலாமணி மட்டும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேள்விகளை வேலுச்சாமி சார்தான் கேட்டார்.

"நான் திருத்துன படத்தத்தானுங்க வெச்சேன்" என்றார் கலாமணி. "சர்வர்ல தேதி இருக்குதுங்க, பாருங்க."

"இருக்குதுங்க அம்மிணி. கேசிங் வெட்டுனதுக்கு அப்புறம் வெச்சுப்போட்டுத் தேதிய மாத்தறது பெரிய வேலைங்களா? உங்க கம்ப்யூட்டரு உங்ககிட்டத்தானுங்களே இருக்குது. நாங்க யாரும் தொடறதில்லீங்களே."

அவ்வளவு மென்மையாகச் சொன்னார். பிறகு எல்லோரையும் மெஷின் ஷாப்புக்குக் கூட்டிப்போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் என்னை உட்கார வைத்து, அந்த வரைபட எண்ணை அடிக்கச் சொன்னார். அடித்தேன். திருத்திய வரைபடம் வந்தது. கம்ப்யூட்டர் சரியாகத்தான் கொடுக்கிறது என்று சின்னவரிடம் காட்டினார். சின்னவர் தலையாட்டினார்.

கலாமணி திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்ண்ணா, போன வாரமும் இப்படித்தான் வந்துச்சுங்களா? நீங்க சொல்லுங்க."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இப்பச் சரியாத்தானுங்க வருது." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் அதுதான்.  மதியத்துக்குள் கலாமணியை மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து என் நிரந்தரக் கடிதம் வந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட வேலுச்சாமி சாரை நான் இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன். கலாமணி கோயமுத்தூரில் வேறு வேலைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பித்த இடமெல்லாம் பம்ப், மோட்டார் கம்பெனிகள்தான், இந்த ஊரில் வேறென்ன இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கும். வரைபடமெல்லாம் கம்ப்யூட்டரில் என்பதால் அந்தப் போன் வேலுச்சாமி சாருக்குத்தான் வரும். என் எதிரிலேயே மூன்று முறை வந்தது. மூன்று முறையும் ஒரே பதில்: "கெட்டிக்காரப் புள்ளைங்க. குணமான புள்ளைங்க. கவனந்தான் பத்தாதுங்க." போனை வைத்துவிட்டு, கெட்டிக்காரி என்றும் சொல்லிவிட்டேன், இதற்குமேல் ஒருவருக்கு என்ன நல்லது செய்வது என்பது போல என்னைப் பார்ப்பார். கலாமணிக்கு ஒரு இடத்திலும் வேலை கிடைக்கவில்லை. பவானியில் பெற்றோர் வீட்டுக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

வேலுச்சாமி சார் இறந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, இரண்டாயிரம் பிறந்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிடுமா என்று தினமும் பத்துப் போன் வந்துகொண்டிருந்த நேரம், கணபதியில் இருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. வேலுச்சாமி சார் இல்லாததால் ஆபரேட்டர் எனக்குப் போட்டார். கலாமணி என்பவர் வரைபட வேலைக்கு வந்திருக்கிறார், உங்களிடம் ஏதோ பிரச்சினை என்று கேள்வி, எப்படிப்பட்டவர் என்றார்கள். பவானியிலிருந்து இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் மேல் தப்பில்லை, தப்பு எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் என்று சொன்னேன்.  பெயரைக் கேட்டார்கள், சிவக்குமார் என்றேன். எழுதித் தர முடியுமா என்றார்கள். இந்தத் தாள்களில் ஒரு பிரதி அவர்களுக்குப் போகிறது. ஒன்று சின்னவருக்கு, ஒன்று பெரியவருக்கு. பெரியவருக்கு முதலில் அனுப்பவில்லை, மூன்றையும் ஒரே தபாலில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பவானிக்குப் போனேன். வீட்டு முன்னறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது, அப்பா ஜமக்காளம் நெய்துகொண்டிருந்தார். கலாமணி நெய்து முடித்தவற்றை அளந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்பா தறியை நிறுத்தவில்லை. வேலுச்சாமி சார் இறந்துவிட்டார் என்றேன். தெரியும் என்றார். பட்டியலைப் பற்றி, அது எந்த வரிசையில் இருந்தது, யார் எழுதினார், யார் அடித்தது, அந்தச் சனிக்கிழமை யார் மாற்றியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். திருத்திய வரைபடம் அவர் சொன்ன தேதியிலேயே நம் சர்வரில் இருந்தது என்றேன். கணபதியிலிருந்து வந்த போனைப் பற்றியும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. சீட்டு ஒட்டும் பசைக் கிண்ணத்தை மூடி வைத்தார். ஒரே ஒன்றுதான் கேட்டார்.

"அவரு செத்துப்போனதாலதானுங்ண்ணா சொல்ல வந்தீங்க?"

ஆமாங்க என்றேன்.

வேலுச்சாமி சாரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கடைசியில் சொல்ல வேண்டும், அஞ்சலிக்கு அதுதானே வழக்கம். அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், இதைப் படித்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அது அல்ல. என்னிடம் இருப்பது அவர் மேல் எனக்கு இருந்த பயம். அவர் இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால், கலாமணி பத்து வருடம் பவானியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பார், நான் வேலுச்சாமி சார் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் போன்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.